கையெட்டும் சான்றும் கேள்வியும்: மொன்றியலில் ஓர் ஒப்படையைத் திட்டமிடுதல்

பல்கலைக்கழக ஒப்படையைத் தொடங்கும் மாணவர்களிடம், முதலில் தலைப்பைத் தீர்மானித்துக்கொண்டு அதன் பிறகு நூலகத்துக்குப் போய் வேண்டியதைத் தேடுமாறு சொல்வது வழக்கம். பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் இந்த வரிசையே பல ஒப்படைகள் பாதி வழியில் தடுமாறுவதற்குக் காரணமாகிறது. ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்து மனத்தில் உருவாக்கிய தலைப்புக்கு இந்த ஊரில், இந்தப் பருவத்துக்குள், படிக்கத் தெரிந்த மொழியில் சான்று கிடைக்குமா என்று எவரும் பார்த்திருப்பதில்லை. கேள்வியும் சான்றும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வளர வேண்டியவை. அதனால் நூலகத்துக்குப் போகும் நாள் தலைப்பு முடிவான நாளுக்குப் பின்னால் வரக்கூடாது, அதற்கு முன்னால் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மொன்றியல் நகரம் இந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலும் தமிழர் வரலாறு சார்ந்த பொருளை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு இந்நகரின் நூலகங்கள் எதிர்பாராத இடங்களில் கைகொடுக்கின்றன.

அதற்கு முன் ஒப்படைத் தாளைப் படிப்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விரிவுரையாளர் தரும் அந்த ஒரு பக்கத் தாளில் வினைச்சொற்களே முதலில் கவனிக்க வேண்டியவை: விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளைக் கேட்கின்றன, ஒப்பிடச் சொன்ன இடத்தில் விளக்கிவிட்டு வருபவர் எவ்வளவு படித்திருந்தாலும் மதிப்பெண் இழப்பார். அடுத்து வருவது எத்தகைய சான்றுகள் வேண்டும் என்ற நிபந்தனை. முதன்மைச் சான்று என்பது ஆராயப்படும் காலத்திலேயே, அந்நிகழ்வோடு தொடர்புடையவர்களால் உண்டாக்கப்பட்ட கடிதம், செய்தித்தாள், ஓவியம், நீதிமன்றத் தீர்ப்பு போன்றது. அவற்றை ஆராய்ந்து பின்னால் ஒருவர் எழுதிய நூலோ கட்டுரையோ துணைச் சான்று. துறைசார் மதிப்பீடு பெற்ற கட்டுரை என்று தாள் கேட்டால், அதே துறையில் ஆய்வு செய்யும் வேறு சிலர் படித்துக் குறைகூறித் திருத்திய பிறகே ஆய்விதழ் வெளியிட்ட கட்டுரை என்று பொருள்; இணையத்தில் நன்றாக எழுதப்பட்டிருக்கும் எல்லாமும் அந்த வகையில் அடங்காது.

மொன்றியலில் ஆங்கிலத்தில் கற்பிக்கும் மெக்கில், கொன்கோர்டியா என்ற இரண்டும், பிரெஞ்சில் கற்பிக்கும் மொன்றியல் பல்கலைக்கழகம், யூகாம் என்ற இரண்டும் ஆக நான்கு பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளன. மெக்கில் 1821இல் நிறுவப்பட்டது. கொன்கோர்டியா, சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகமும் லொயோலா கல்லூரியும் 1974இல் இணைந்ததால் உருவானது. கோட்-டே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய சேஜெப் கல்லூரியை முடித்து, வீட்டில் தமிழும் தெருவில் இரண்டு மொழிகளுமாக இங்கே வந்து சேர்கிறார்கள். இந்த மும்மொழித் திறனை அவர்களில் பலர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆனால் ஆய்வுக்கு அதுதான் முதல் மூலதனம். மெக்கிலில் எழுத்துப் பணிகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒப்படைக்கும் உரிமையும் மாணவருக்கு உண்டு.

நான்கு பல்கலைக்கழக நூலகங்களும் தனித்தனித் தீவுகள் அல்ல. க்யூபெக் மாகாணத்தின் பல்கலைக்கழக நூலகங்கள் 2020 முதல் சோஃபியா என்ற பொதுத் தேடுதளத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு நூல் எந்த வளாகத்தில் இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்கவும், வேறு வளாகத்திலிருந்து அதை வரவழைக்கவும் முடிகிறது. இவற்றுக்கு வெளியே, பெரி-யூகாம் மெட்ரோ நிலையத்தை ஒட்டி 2005இல் திறக்கப்பட்ட கிராண்ட் பிப்ளியோதெக் இருக்கிறது. க்யூபெக்கின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமுமான நிறுவனத்தின் பொதுமக்கள் நூலகமான இதில் மாகாணத்தில் வசிக்கும் எவரும் கட்டணமின்றி உறுப்பினராகலாம். அந்நிறுவனம் எண்ணிமமாக்கி இணையத்தில் வைத்துள்ள பழைய பிரெஞ்சுச் செய்தித்தாள்களைப் படிக்க நூலக வாசலை மிதிக்கவே தேவையில்லை.

இனி ஒரு தலைப்பை எடுத்துப் பார்க்கலாம். குடியேற்ற வரலாறு பற்றிய பாடத்தில் 2,500 சொற்களில் கட்டுரை கேட்கப்படுகிறது என்றால், தமிழ் மாணவர் ஒருவர் உடனே எழுதிக்கொள்ளக்கூடிய தலைப்பு கனடாவில் ஈழத்தமிழர் குடியேற்றம் என்பதாக இருக்கும். அது தலைப்பே அல்ல, ஒரு நூலடுக்கின் பெயர். அதை நூலகத்தில் உள்ளதைக் கொண்டு குறுக்கிப் பார்த்தால் வேறு உருவம் கிடைக்கிறது. 1986 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு கரை சேர்த்தார். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது சில நாட்களில் தெரியவந்ததும், அதையொட்டிப் பொதுமக்களின் மனநிலை ஒரு பகுதியில் கசந்ததும், பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் தங்க அனுமதித்ததும் செய்தித்தாள்களில் நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன. வந்தவர்கள் அடுத்துச் சென்ற ஊர்கள் மொன்றியலும் டொரொன்டோவும்.

இப்போது கேள்வியை இப்படி வெட்டிக்கொள்ளலாம்: 1986 ஆகஸ்டு நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை, மொன்றியலின் பிரெஞ்சு நாளிதழான லு துவுவாரும் ஆங்கில நாளிதழான த கசெட்டும் இந்த 155 பேரை எந்தப் பெயர்களால் அழைத்தன, மேற்கு ஜேர்மனிச் செய்தி வெளியானபின் அந்தப் பெயர்கள் மாறினவா, மாறியிருந்தால் இரண்டு இதழ்களிலும் ஒரே மாதிரி மாறினவா? இக்கேள்விக்கு வேண்டிய முதன்மைச் சான்று எண்ணிவிடக்கூடிய அளவுடையது. 1910இல் தொடங்கிய லு துவுவார் ஞாயிறு தவிர்த்த ஆறு நாட்களிலும் வெளிவந்ததால், ஆறரை வாரத்துக்கு நாற்பது இதழ்களை ஒட்டிய தொகையே வரும். அவை தேசிய நூலகத்தின் எண்ணிமத் தொகுப்பில் உள்ளன. 1778இல் பிறந்த த கசெட்டின் பழைய இதழ்களுக்குப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளத்தையோ, மைக்ரோபிலிமையோ நாட வேண்டும். மைக்ரோபிலிம் என்பது பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதித்து வைத்திருப்பது. அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டியிருப்பதால் சலிப்புத் தட்டினாலும், அதில் ஒரு நன்மை உண்டு. தேடுசொல் கொடுத்துப் பார்ப்பவருக்கு அச்சொல் வந்த பத்தி மட்டுமே தெரிகிறது. சுருளைச் சுற்றுபவருக்கு அந்தச் செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தி அகலத்தில், எந்தப் படத்துக்கும் எந்த விளம்பரத்துக்கும் நடுவே வந்தது என்பதும் தெரிகிறது. வாசகர் கடிதங்கள் வெளியாகும் பக்கம் தேடுபொறிக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். இந்த ஆய்வுக்கோ மிக வேண்டியது அந்தப் பக்கந்தான்.

துணைச் சான்றுகள் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் அரண் கட்டுகின்றன. 1985 ஏப்ரலில் கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் விசாரிக்கப்படும் உரிமையை உறுதிசெய்தது. 1987இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலங்களின் விளைவாக 1989 தொடக்கத்தில் குடிவரவு அகதிகள் சபை செயல்படத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோடைக்காலத்திலேயே படகுகள் வந்தன என்பதை மாணவர் அறிந்துகொண்டால், செய்தித்தாளில் படித்த கோபமும் பரிவும் எந்தச் சட்ட வாதத்தின் நடுவே எழுந்தவை என்பது விளங்கும். சட்ட ஆய்விதழ்களும் குடியேற்ற ஆய்விதழ்களும் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றன. அவற்றுள் எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் திகைக்கும் இடத்தில்தான் நூலகரின் உதவி பயன்படுகிறது.

நூலகர் என்றால் இரவல் மேசையில் புத்தகத்தைப் பதிந்து தருபவர் என்று எண்ணிக்கொள்வது நம்மவரிடையே இன்னும் மாறாத வழக்கம். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பான நூலகர் ஒருவர் இருப்பார். அத்துறையின் தரவுத்தளங்கள் எவை, எந்த ஆய்விதழ் எதற்குள் அடங்கும், எந்த உசாத்துணை நூலில் தொடங்கலாம் என்பதைச் சொல்வது அவருடைய வேலை. அவருடன் முன்கூட்டியே நேரம் ஒதுக்கிப் பேச முடியும், அதற்குக் கட்டணமும் இல்லை. முழுத் தலைப்போடு போக வேண்டும் என்று கூச்சப்பட்டுக் காத்திருப்பவர்கள், அரைகுறைக் கேள்வியைக் கேள்வியாக்குவதே அச்சந்திப்பின் நோக்கம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதைவிட வியப்பானது. சென்னையின் சூழலியல் வரலாற்றைப் பற்றி எழுத விரும்பும் மாணவர், சான்றெல்லாம் சென்னையிலும் லண்டனிலுமே இருக்கும் என்று கருதி அந்த எண்ணத்தையே கைவிடுவது இயல்பு. மெக்கிலின் மெக்லெனன் நூலகக் கட்டடத்தில், அரிய நூல்களும் சிறப்புத் தொகுப்புகளும் பேணப்படும் பிரிவில், பிளாக்கர்-வுட் இயற்கை வரலாற்றுத் தொகுப்பு என்ற ஒன்று இருக்கிறது. 1801இல் மதராஸ் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி எலிசபெத் குவில்லிம், 1807இல் அங்கேயே இறக்கும் வரை வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பறவை ஓவியங்கள் அந்தத் தொகுப்பில் உள்ளன. பலவற்றில் பறவை அதன் உயிர் அளவிலேயே வரையப்பட்டிருக்கிறது. இறகுகளின் அடுக்கும் காலின் செதில்களும் ஓர் இயற்கையியலாளர் பார்த்து இனங்காணும் அளவுக்கு நுணுக்கமானவை. பறவைகளை உயிர் அளவில் வரைந்து உலகப் புகழ் பெற்ற அமெரிக்கரான ஜோன் ஜேம்ஸ் ஓடுபோன் தம் பெருநூலை 1827இல்தான் வெளியிடத் தொடங்கினார் என்பதை வைத்துப் பார்த்தால் குவில்லிமின் முன்மை புலப்படும். அவருடன் வந்த தங்கை மேரி சைமன்ட்ஸ் மீன்களை வரைந்தார்.

இவ்வோவியங்கள் மொன்றியலுக்கு வந்த வழியும் தெரிந்ததே. கனடாவில் பிறந்து சிக்காகோவில் கண் மருத்துவராகப் பெயர்பெற்ற கேசி வுட், பறவையியலில் கொண்ட பற்றால் மெக்கிலுக்காக நூல்களும் ஓவியங்களும் தேடித் திரிந்தவர். 1924இல் லண்டனில் இந்தத் தொகுப்பைக் கண்டு வாங்கினார். அதற்குப் பின்னும் நெடுங்காலம், பறவையியலாளர் சிலரைத் தவிர இவற்றைத் தேடி வந்தவர்கள் குறைவு. சென்ற சில ஆண்டுகளில்தான் மெக்கிலை மையமாகக் கொண்டு பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதில் இறங்க, 2023இல் மெக்கில்-குயின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இச்சகோதரிகளைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டது.

இங்கேயும் கேள்வி சான்றைப் பார்த்தபிறகே கூர்மையடைகிறது. காலனிய மதராஸில் அறிவியல் என்று தொடங்கும் மாணவர் ஓர் ஓவியத்தின் முன் சிறிது நேரம் உட்கார்ந்தால், பறவை உயிரோடு நிற்கிறதா, செத்ததை நிறுத்தி வரைந்ததா என்ற ஐயம் எழும். உயிரோடு என்றால் அதைப் பிடித்து வந்தவர் யார், அதன் உள்ளூர்ப் பெயரை அந்த அம்மாளுக்குச் சொன்னவர் யார், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்ற கேள்விகள் தொடரும். ஓவியம் அதற்குப் பதில் சொல்லாது. சகோதரிகள் தாய்க்கும் இங்கிலாந்தில் இருந்த உறவினருக்கும் எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றைப் பெயர்த்தெழுதிய வடிவம் அந்த ஆய்வுத் திட்டத்தின் இணையதளத்தில் கிடைப்பதால் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. தரங்கம்பாடியிலிருந்து வந்த மறைப்பணியாளரும் தாவரவியலாளருமான ரோட்லர் இவர்களுக்கு நண்பர். பிற்காலத்தில் தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. ஆக ஒரு பறவைப் படத்தில் தொடங்கிய ஒப்படை, மொழியறிஞர், பறவை பிடிப்போர், நீதிபதியின் வீட்டுத் தோட்டம் என்று தானாகவே விரியும். அதை மீண்டும் 2,500 சொற்களுக்குள் அடக்குவதுதான் பிறகு கடினம்.

அரிய தொகுப்புகளைப் பார்ப்பதற்கு முறை உண்டு: முன்பதிவு செய்ய வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும், பேனாவுக்குப் பதிலாகப் பென்சிலே பயன்படுத்த வேண்டும். பார்க்கும் பொருளின் தொகுப்புப் பெயரையும் எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். மேற்கோள் எழுதும் நள்ளிரவில் அந்த எண் நினைவுக்கு வருவதில்லை. படங்கள் எண்ணிமமாகவும் கிடைக்கும்போது நேரில் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. உயிர் அளவுப் பறவை பதின்மூன்று அங்குலத் திரையில் உயிர் அளவில் தெரியாது என்பதே அதற்குப் போதிய பதில்.

காலத்தைத் திட்டமிடுவது இவ்விடத்தில்தான் பொருள் பெறுகிறது. இலையுதிர்ப் பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஒப்படைகள் எல்லாப் பாடங்களுக்கும் நவம்பர் பிற்பாதியில் ஒன்றாக வந்து விழும். இதற்கிடையில், நூலகத்தின் நூல்கள் எல்லாம் நூலகத்திலேயே இருக்கின்றன என்ற எண்ணமும் இப்போது சரியல்ல. மெக்கில் தன் தொகுப்பில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள சலபெரி-டே-வலிஃபீல்ட் என்ற ஊரில், தானியங்கி இயந்திரங்கள் எடுத்துத் தரும் சேமிப்பு மையத்துக்கு மாற்றியிருக்கிறது. நூற்பட்டியலில் இருக்கிறது என்று பார்த்ததும் மாடிப்படி ஏறிப் போய் எடுத்துவரலாம் என்ற நம்பிக்கையில் கடைசி வாரம் வரை இருப்பவர், நூல் வந்து சேரும் நாளில் கட்டுரையை ஒப்படைத்திருப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வரவேண்டியவற்றுக்கு இன்னும் கூடுதலான காலம் விட வேண்டும். ஆகவே, ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எழுதித் திருத்த இரண்டு வாரம், படித்துக் குறிப்பெடுக்க மூன்று வாரம், அதோடு நூல்கள் வந்துசேரும் காலம் என்று கழித்தால், நூல்களைக் கோரும் நாள் அக்டோபர் தொடக்கத்துக்கு வந்துவிடும். பருவத்தின் நடுவே கிடைக்கும் வாசிப்பு விடுமுறை அதற்குப் பின்னால் வருவதால், நூல்கள் கையில் இருக்கும்போது விடுமுறையும் வாய்க்கும்.

தேடும் கலையில் தமிழ்ப் பொருளுக்கே உரிய இரண்டு முட்டுக்கட்டைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, நூற்பட்டியல்கள் பொருட்தலைப்பு என்ற கட்டுப்பாடான சொற்றொகுதியைப் பயன்படுத்துகின்றன. அதாவது ஒரே பொருளைப் பற்றிய எல்லா நூல்களும் ஆசிரியர் என்ன பெயர் வைத்திருந்தாலும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்க்கப்படும். வட அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் காங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் தமிழர்கள் ‘தமிழ்’ என்பதோடு இந்திய நிலப்பகுதி மக்கள் என்ற அடைமொழி சேர்ந்த தலைப்பில் இருக்கிறார்கள். இலங்கை 1972க்கு முன் சிலோன் என்ற பெயரில் இருந்ததால் பழைய நூல்களின் தலைப்புகளில் அச்சொல்லே நிற்கும். ஒரு நல்ல நூல் கிடைத்தால் அதன் பதிவைத் திறந்து, அங்கே இடப்பட்டிருக்கும் பொருட்தலைப்பைச் சொடுக்கினால் உடன்பிறப்புகள் எல்லாம் வந்து நிற்கும். சொந்தமாகச் சொற்களை யோசித்துத் தேடுவதைவிட இது பல மடங்கு பயன் தருவது. இரண்டாவது, தமிழ் நூல்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில், ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அடிக்கோடிட்ட எழுத்துகளைக் கொண்ட ஒரு முறைப்படி பதியப்படுகின்றன. நாம் அன்றாடம் தட்டச்சும் ஆங்கில எழுத்துக்கூட்டல் அதோடு ஒத்துப்போகாது. ஆசிரியர் பெயரில் வெற்றி கிட்டாதபோது நூல் இல்லை என்று முடிவு கட்டாமல், வேறு எழுத்துக்கூட்டலில் ஒருமுறை தேடுவது நல்லது.

அடுக்குகளில் நேரடியாக உலாவ விரும்புபவர் அழைப்பு எண்ணின் முதலெழுத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும்: தமிழ் மொழியும் இலக்கியமும் பீஎல் 4751 முதல் 4759 வரையான எண்களிலும், இலங்கை வரலாறு டீஎஸ் 488 முதல் 490 வரையிலும் இருக்கும். ஆனால் ஈழத்துச் சிறுபத்திரிகைகளுக்கும் புலம்பெயர் இதழ்களுக்கும் இந்த அடுக்குகளை நம்பியிருக்க முடியாது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபின் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்க்கும் முயற்சிகளில் ஒன்றாக, 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகமே இன்று மொன்றியல் மாணவருக்கும் முதல் வாசல். தமிழ்நாட்டுப் பழைய அச்சு நூல்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. இவற்றிலிருந்து எடுத்த தமிழ்ச் சான்றை மேற்கோள் காட்டலாமா என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை உடன் தந்து, மூலத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் அதை மறுப்பதற்கு விரிவுரையாளருக்குக் காரணம் இல்லை. முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது மேலும் நல்லது.

குறிப்பெடுக்கும் விதத்தில் ஒரு பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும்: நூலிலிருந்து அப்படியே எடுத்த வரியும், தன் சொல்லில் சுருக்கிய வரியும், தனக்குத் தோன்றிய கருத்தும் மூன்று வெவ்வேறு அடையாளங்களோடு இருக்க வேண்டும். கருத்துத் திருட்டு என்று பல்கலைக்கழகம் தண்டிக்கும் குற்றங்களில் பல, கெட்ட எண்ணத்தால் அல்லாமல், இம்மூன்றும் ஒரே பக்கத்தில் கலந்துபோனதால் நிகழ்கின்றன. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் சொட்டேரோ போன்ற மென்பொருள், நூல் விவரங்களைச் சேர்த்துவைத்துத் துறை கேட்கும் மேற்கோள் முறையில் அடுக்கித் தரும். ஆனால் தரவுத்தளத்திலிருந்து அது இழுத்து வரும் விவரங்களில் தமிழ்ப் பெயர்கள் முன்பின்னாக மாறிக் கிடக்கும் என்பதால், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் சான்று கேட்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. அவை இல்லாத கட்டுரையை, இருக்கும் ஆசிரியரின் பெயரில், நம்பும்படியான பக்க எண்களோடு தந்துவிடக்கூடியவை. தலைப்பைச் சோஃபியாவிலும் ஆய்விதழின் தளத்திலும் இட்டுப் பார்த்து, இரண்டிலும் வராவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.